பின்பக்கத்துப் பசை

எங்கள் தபால்தலைச் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கலைச்சொற்களைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். யாரும் கொடுத்த வேலையில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு ஸ்டாம்ப் மாற்றிக்கொண்டிருக்க, நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாக விளக்குவேன். பணி ஓய்வுக்குப் பிறகு என் பேச்சை நாலு பேர் உட்கார்ந்து கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

விளக்குவேன் என்று சொல்வது கொஞ்சம் மரியாதையான பேச்சு. திருத்துவேன் என்பதுதான் சரி. 'யூஸ்ட்' என்றால் பழசு என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது. "பழசு வேற, யூஸ்ட் வேற. கவர்ல ஒட்டி, முத்திரை விழுந்து, தபால்ல போய்வந்ததுதான் யூஸ்ட். நூறு வருஷப் பழசா இருந்தாலும் முத்திரை படாம இருந்தா அது யூஸ்ட் இல்ல" என்பேன். ஒரு பெரியவர் தன்னிடம் இருந்த சாதாரணக் கவர்களையெல்லாம் 'ஃபர்ஸ்ட் டே கவர்' என்று ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். வெளியீட்டு நாளன்றே அந்த ஸ்டாம்ப்பை ஒட்டி அன்றைய முத்திரை வாங்கிய உறைக்குத்தான் அந்தப் பெயர் என்று எல்லார் முன்னாலும் அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே கவர்களைப் பைக்குள் வைத்தார். அதற்கப்புறம் வரவில்லை. ஆர்வம் இல்லாத மனிதர் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பசையைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் இன்னும் ஏறும். வெளியே இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், தெரியும். ஸ்டாம்ப்பின் அழகெல்லாம் முன்பக்கத்தில், மதிப்பில் பாதி பின்பக்கத்தில். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் கிழித்துக் கொடுத்தபடியே, பசை கலையாமல் இருந்தால் அது 'மின்ட்'. முன்பெல்லாம் 'ஹிஞ்ச்' என்கிற குட்டிக் காகிதத்தை மடித்து, எச்சில் தொட்டு, ஸ்டாம்ப்பை ஆல்பத்தில் ஒட்டுவார்கள். அதைப் பிரித்த தடம் பசையில் தெரிந்தால் ஸ்டாம்ப் ஒரு படி இறங்கிவிடும். ஒரு தடமும் படாதது 'நெவர் ஹிஞ்ச்ட்'. அதற்குத்தான் எங்கள் ஆட்கள் உயிரை விடுவார்கள். பசை போன ஸ்டாம்ப்பில் புதிதாகப் பசை தடவி, ஒன்றுமே நடக்காதது போல வைத்தால் அதற்குப் பெயர் 'ரீகம்'. இந்தச் சொல்லுக்கு நான் கொடுக்கும் விளக்கம் ஒரே வார்த்தை: மோசடி. ரீகம் பண்ணுகிறவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

வீட்டில் நான் எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடையாற்றில் தரைத்தள வீடு. நானும் மனைவியும்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் ஆல்பத்தைத் திறந்தால் ஃபேன் நிற்கும், டிவி நிற்கும், சமையலறையில் மிக்ஸிகூட ஓடாது. ஒருமுறை மனைவி காபி டம்ளரை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டாள் என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்துவிட்டார். காபி சிந்தவில்லை. சிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்காகத்தான் அவ்வளவும். எனக்கு முன்கோபம் உண்டு, ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நானே என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வேன். முன்கோபக்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

என் சேகரிப்பில் நல்லதெல்லாம் ஒரே வியாபாரியிடம் வாங்கியது. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜாக்கெட் தைக்கிற கடைக்கு மேலே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் அவருடைய கடை. பழைய நாணயம், பழைய நோட்டு, ஸ்டாம்ப். சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் துறையின் ஆங்கிலச் சொற்களையெல்லாம் சைதாப்பேட்டைத் தமிழில் நனைத்தெடுத்துத்தான் பேசுவார். நான் ஆசையாக ஒன்றைக் கையில் எடுத்தால், "அது வேணா சார், ஹிஞ்ச் பட்டு கீது. உங்களுக்கு ஆவாது" என்று அவரே வாங்கி உள்ளே வைத்துவிடுவார். குறையை மறைத்து ஒன்றைக்கூட அவர் என்னிடம் விற்றதில்லை. இதை நான் சங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் சொல்லித்தான் பலர் அவரிடம் வாங்கினார்கள்.

சமீபத்தில் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, சட்டங்களை வரிசையாக நிறுத்தி, பக்கங்களைக் கண்ணாடித்தாளுக்குள் செருகியிருந்தார்கள். சுவரோரமாக வியாபாரிகளுக்கு மேஜை. பாண்டி பஜார்க்காரரும் ஒரு மேஜை போட்டிருந்தார். என் பக்கங்கள் கோயில்களைப் பற்றியவை. அதில் நடுநாயகமாக, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த, கோபுரங்களும் சிற்பங்களும் போட்ட வரிசை ஒன்று முழுசாக இருந்தது. அவரிடம் வாங்கியது. வாங்கிய அன்று பின்பக்கம் பார்த்து, சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்ததோடு சரி, அப்புறம் வெளியே எடுத்ததில்லை. ஒவ்வொன்றின் கீழும் 'மின்ட், நெவர் ஹிஞ்ச்ட்' என்று பொடி எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தேன்.

மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். இந்த மாதிரி இடங்களுக்கு அவள் வரமாட்டாள். பரிசு கிடைத்தாலும் கிடைக்கும், நீயும் வா என்று நான்தான் வற்புறுத்தினேன். பருத்திப் புடவையில் வந்தாள். பட்டு கட்டிக்கொண்டு வரக்கூடாதா என்று கிளம்பும்போது கடிந்துகொண்டேன். அவள் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் நடுவர்கள் சட்டம் சட்டமாக வருவார்கள். பங்கேற்றவர் தன் சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவர் நிறைகுறை சொல்வார், மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். எங்கள் பழக்கம் இது. என்னிடம் வந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை. பக்கங்களை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கோபுர வரிசையில் நின்றார்.

"இது ஏன் இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார்.

"மெட்ராஸ் ஈரம் மேடம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்ததும் எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். "சந்தேகம்னா வெளியே எடுத்தே பாருங்க மேடம். எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நானே சட்டத்தைத் திறந்தேன்.

அவர் இடுக்கியால் ஸ்டாம்ப்பை உறையிலிருந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. உறையோடு லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. பொறுமையாகப் பிரித்து, திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பின்பக்கத்தில் பிரஷ் இழுத்த கோடுகள் தெரிந்தன. ஓரத்துப் பற்கள் விறைத்திருந்தன. ஸ்டாம்ப்பைக் கிழிக்கும்போது பல்லின் முனை பஞ்சு போலப் பிசிறாக இருக்கும். தனியாக எடுத்து அப்புறம் பசை தடவினால் பசை அந்தப் பிசிறில் ஏறிக் காய்ந்து, தொட்டால் முள்ளாகக் குத்தும். இதைப் பலகையில் படம் போட்டு விளக்குகிறவனே நான்தான்.

"ரீகம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்ததையும் எடுத்தார். அதுவும் அப்படித்தான். வரிசையில் பெரும்பாலானவை அப்படித்தான்.

சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் என்னிடம் கலைச்சொல் படித்தவர்கள். யாரோ பின்னால் அடக்கிக்கொண்டு சிரித்தது கேட்டது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சிரிப்பு வேறு யார் மேலாவது போய் விழ வேண்டும் என்பதுதான். கூடத்தின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாண்டி பஜார்க்காரர் தன் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் நடந்து போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "இது நீ குடுத்ததுதானே? இத்தனை வருஷமா இப்படிப் பிசினைத் தடவித்தான் ஊரை ஏமாத்திக்கிட்டிருக்கியா?"

அவரை நான் ஒருநாளும் நீ என்று கூப்பிட்டதில்லை. வயதில் எனக்குச் சின்னவர் என்றாலும் எப்போதும் நீங்கதான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். யாரைப் பார்க்கிறார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே என் மனைவி நின்றிருந்தாள்.

"ஆமா சார், நான் குடுத்ததுதான்" என்றார்.

சங்கத்தின் செயலாளர் அவரிடம் போய்க் குனிந்து ஏதோ பேசினார். கொஞ்ச நேரத்தில் அவர் தன் ஆல்பங்களையும் நாணயப் பெட்டியையும் ஒரு பழைய சூட்கேஸில் அடுக்க ஆரம்பித்தார். மற்ற வியாபாரிகள் அவரவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாற வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு வெளியே போனார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு மூன்று பேர் வந்து, நல்ல வேளை சார், தைரியமாக் கேட்டீங்க என்றார்கள். பாயசம் நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் வந்தோம். நான் வழி நெடுக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இனி யாரை நம்புவது, இவன் மற்றவர்களுக்கு என்னவெல்லாம் விற்றானோ, போலீஸில் சொல்ல வேண்டும் என்று. சிக்னலில் ஆட்டோ நின்றது. மனைவி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவர் ஏமாத்தலங்க. நான்தான் தடவினேன்."

"என்ன தடவினே?"

"பிசின். வேலம்பிசின். மயிலாப்பூர் குளத்துக்கிட்ட நாட்டு மருந்துக் கடையில வாங்கினேன்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியம், "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினது. அதோடு நிறுத்தவில்லை. என்னென்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. பச்சை விழுந்தும் ஆட்டோ கிளம்பவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் மெதுவா பேசு. அம்மா பயந்துகினு கீறாங்க பாரு" என்றார். ஊர்பேர் தெரியாத மனிதருக்குத் திரும்பிப் பார்த்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அப்போதுதான் அவளைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறையில் நின்றுகொண்டே சொன்னாள். நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த மழைக்காலத்தில் நான் ஊரில் இல்லை. வேறு மாநிலத்தில் ஒரு ஸ்டாம்ப் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ரயில்கள் நின்றுவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டேன். அவள் தனியாக இருந்திருக்கிறாள். தண்ணீர் முட்டிக்கு வந்ததும் முதலில் ஆல்பங்களைத்தான் பரணுக்கு ஏற்றியிருக்கிறாள். ஸ்டூல் மேல் ஏறி, ஒவ்வொன்றாக. கடைசியில் பீரோவின் அடித்தட்டில் இருந்த ஒன்று மட்டும் நனைந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த புடவைப் பெட்டியை அவளால் எடுக்க முடியவில்லை. அதில்தான் அவளுடைய கல்யாணப் பட்டும், மகளுக்கு வளைகாப்புக்கு எடுத்ததும், அவள் அம்மா கொடுத்ததும் இருந்தன. எல்லாம் சாயம் இறங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயின. நான் ஊர் திரும்பியதும் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதைக்கூட மேலே எடுத்து வைக்கத் தெரியலையா?" என்று கேட்டேன். இது எனக்கு நினைவிருந்தது. அவள் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. கண்காட்சிக்குக் கிளம்பும்போது பட்டு கட்டக்கூடாதா என்று கேட்டதும் அதே வாய்தான்.

தண்ணீர் வடிவதற்கு முன்பே எனக்கு ஃபோன் கிடைத்துவிட்டது. லைன் கிடைத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஆல்பமெல்லாம் எப்படி இருக்கு?" என்பது. அவள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள்.

"அப்படிச் சொன்னதுக்கப்புறம் அது நல்லா இருந்துதானே ஆகணும்?" என்றாள்.

நனைந்த ஆல்பத்தில் ஸ்டாம்ப்கள் உறைக்குள்ளேயே ஒட்டிப்போயிருந்தன. நான் கவரிலிருந்து ஸ்டாம்ப் எடுக்கும்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடுவதைப் பார்த்திருக்கிறாள். அப்படியே செய்து எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து உலர்த்தியிருக்கிறாள். எல்லாம் முழுசாக வந்துவிட்டன. கிழியவில்லை, கறையில்லை. ஆனால் பின்பக்கம் வழவழப்பில்லாமல் வெறும் காகிதமாக இருந்தது. பசை போனால் எல்லாம் போச்சு என்று நான் ஃபோனில் பேசும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமாகியிருந்தது. ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிய தெருக்களில் நடந்து, பஸ் பிடித்து, பாண்டி பஜார் கடைக்குப் போயிருக்கிறாள்.

அவர் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்குக்கா அழுவுறீங்க? தண்ணி எல்லார் ஊட்லயும்தான் பூந்துச்சி. சார்கிட்ட சொல்லிடுங்க. பசை இல்லன்னு எழுதி வெச்சிட்டா முடிஞ்சி போச்சி" என்றிருக்கிறார். பசை போனது குற்றமில்லை, மறைத்தால்தான் குற்றம் என்று அவளுக்கு விளக்கியிருக்கிறார். நான் சங்கத்தில் சொல்லிக்கொடுக்கிற அதே பாடம். அவள் எனக்குத் தெரியக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிசின் வாங்கியதும், ஊறவைத்ததும், மகளின் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தடவி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் திருப்பி வைத்ததும் அவளாகச் செய்தது. நல்ல பிசின்தான், சாமி படத்துக்குக்கூட அதில்தான் ஒட்டுவோம் என்றாள். ஸ்டாம்ப்புக்கே அந்தக் காலத்தில் அதைத்தான் தடவினார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஆக, கண்காட்சியில் பிசின் என்று நான் கத்தியதுமே அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பார். சொன்னால் அந்த மண்டபத்தில் நான் யார் மேல் திரும்புவேன் என்று யோசித்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை. என் கோபம் எவ்வளவு பெரியது என்று என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள் பொய் சொல்லவும், கடைக்காரர் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளவும் காரணமாகிற அளவுக்குப் பெரியது.

அன்று சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உட்கார்ந்து யோசித்து, அடித்துத் திருத்தி, நல்ல தமிழில் எழுதினேன். மழையில் நனைந்த ஸ்டாம்ப்களில் 'என் மனைவி அறியாமையால்' பசை தடவிவிட்டதாகவும், வியாபாரி மேல் எந்தத் தவறும் இல்லை என்றும், அவரிடம் நான் மன்னிப்புக் கேட்பதாகவும். அனுப்பிய சூட்டிலேயே கைகூப்புகிற படங்கள் வந்து விழுந்தன. என் பெருந்தன்மையைப் பாராட்டி ஒருவர் எழுதினார். இப்படி வெளிப்படையாக ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும் என்று இன்னொருவர். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. 'வீட்டம்மா கைவண்ணம்!' என்று எழுதி, வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அதற்குக் கீழே வேறொருவர், 'இதனால்தான் நான் ஆல்பத்தைப் பூட்டி வைக்கிறேன்.' மறுபடி சிரிப்பு. ஃபோன் அவள் கையில்தான் இருந்தது. அவள் அதையும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இட்லி மாவைக் கரைக்கப் போனாள்.

மண்டபத்தில் என்மேல் விழ வேண்டிய சிரிப்பைக் கடைக்காரர்மேல் தள்ளிவிட்டேன். இப்போது அவர்மேலிருந்து எடுத்து இவள்மேல் போட்டிருக்கிறேன். என்மேல் மட்டும் அது விழவே இல்லை. இது அப்போதுதான் உறைத்தது. எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். தண்ணீரில் நின்று என் ஆல்பங்களைக் காப்பாற்றியவள் அவள், பசை போனதை என்னிடம் சொல்லப் பயப்படும்படி வைத்திருந்தவன் நான், சிரிப்பதானால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள் என்று. அதற்கு ஒரு படமும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ அடுத்த வெளியீட்டைப் பற்றிய படம் ஒன்றைப் போட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

செயலாளரிடம் ஃபோனில் பேசி, அடுத்த கண்காட்சியில் பாண்டி பஜார்க்காரருக்கு மேஜை உண்டு என்று உறுதி வாங்கினேன். ஆனால் அவரிடம் ஃபோனில் பேச வாய் வரவில்லை. இரண்டு தடவை அடித்து, அவர் எடுப்பதற்கு முன் நானே வைத்துவிட்டேன். நேரில்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அதையும் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவள்தான், "வாங்க, நானும் வரேன். அவர்கிட்ட சத்தியம் வாங்கினது நான்தானே" என்றாள்.

மாம்பலத்தில் பண்டிகைக் கூட்டம். ஜவுளிப்பைகளுக்கு நடுவில் அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். வழி அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தையல் கடையைத் தாண்டி மாடிப்படியில் ஏறும்போது நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். 'எல்லார் முன்னாலும் உங்களைத் திருடன் மாதிரி நிக்க வெச்சேன். என்னை மன்னிச்சிடுங்க.' இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை.

அவர் நாணயங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அக்கா" என்றார், "சார் உங்களை ஒண்ணும் திட்டலையே?"

அவள் முதலில் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் சொல்லலாம் என்று அதில் தேடினாள். பிறகு அவரிடம் திரும்பி, "இல்லப்பா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

"திட்டினேன்" என்றேன் நான். "ஆட்டோவிலேயே திட்டினேன்."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, கடையில் இருந்த ஒரே நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.